மருத்துவக் கருவிகளும் உடலின் இயக்கமும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் நெய்யப்படும் பேண்டேஜ் துணி, நாட்டின் பல பகுதிகளிலுள்ள மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. அறுவை சிகிச்சைப் பிரிவிலும் வீட்டிலும் புண்ணுக்குக் கட்டப்படும் அந்த எளிய துணியும் ஒரு மருத்துவக் கருவியே. இன்று பல வீடுகளில் இரத்த அழுத்தமானி, குளுக்கோமீட்டர், பல்ஸ் ஆக்சிமீட்டர் ஆகியவையும் இருக்கின்றன. சிலருடைய இதயத்தினுள் செயற்கை வால்வு இயங்கிக்கொண்டிருக்கிறது.

இக்கருவிகள் அனைத்தும் உடலின் இயல்பான இயக்கத்தை அறிந்த பின்னரே உருவாக்கப்பட்டவை. இரத்தம் எவ்வாறு ஓடுகிறது, புண் எவ்வாறு ஆறுகிறது, உயிர்வளி எவ்வாறு திசுக்களைச் சென்றடைகிறது என்பவற்றை ஆராயும் துறை உடலியங்கியல் ஆகும். மருத்துவக் கருவிகளை வடிவமைக்கும் உயிரி மருத்துவப் பொறியியலுக்கு இதுவே அடித்தளம். கருவியைப் பயன்படுத்தும் உங்களுக்கும் இதில் ஓரளவு அறிவு தேவை. கருவி காட்டும் எண்ணை எப்போது நம்பலாம், எப்போது மீண்டும் அளக்க வேண்டும், எப்போது எண்ணைப் பொருட்படுத்தாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்பதை அந்த அறிவே உங்களுக்குச் சொல்லும்.

கட்டுத்துணியும் புண் ஆறும் முறையும்

செடியிலிருந்து பறித்த பஞ்சைத் தண்ணீரில் இட்டால் அது மிதக்கும். அதன் இழைகளின் மேல் இயற்கையான மெழுகுப் படலம் இருப்பதே இதற்குக் காரணம். காரம் கலந்த நீரில் வேகவைத்து வெளுக்கும்போது அந்த மெழுகு நீங்குகிறது. அதன்பின் பஞ்சும் துணியும் நீரை விரைவாக உறிஞ்சுகின்றன. மருத்துவப் பஞ்சு நீரில் இட்ட 10 விநாடிகளுக்குள் மூழ்க வேண்டும் என்பது மருந்தியல் தர விதிகளில் உள்ள சோதனையாகும். புண்ணிலிருந்து வடியும் நீரை உறிஞ்சவும், காற்றோட்டம் தடைபடாமல் இருக்கவும் இத்துணி இடைவெளி விட்டுத் தளர்வாக நெய்யப்படுகிறது.

புண் நான்கு கட்டங்களில் ஆறுகிறது. முதலில் இரத்தம் உறைந்து ஒழுக்கு நிற்கிறது. அடுத்த சில நாட்களில் வெள்ளணுக்கள் வந்து கிருமிகளையும் இறந்த திசுக்களையும் அகற்றுகின்றன. இக்காலத்தில் புண்ணைச் சுற்றிச் சிறிது சிவப்பும் வீக்கமும் இருப்பது இயல்பு. மூன்றாவது கட்டத்தில் புதிய இரத்த நாளங்களும் திசுவும் வளர்ந்து, விளிம்பிலிருந்து தோல் செல்கள் உள்நோக்கி நகர்ந்து புண்ணை மூடுகின்றன. இறுதியாக, மூடிய இடம் வலுப்பெறுகிறது; இதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

'புண் காய்ந்தால்தான் ஆறும்' என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. 1962ஆம் ஆண்டு ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் செய்த ஆய்வு இதற்கு மாறான முடிவைத் தந்தது. ஈரப்பதம் காக்கப்பட்ட மேலோட்டமான புண்கள், காற்றுப்படக் காயவிடப்பட்ட புண்களைவிட ஏறத்தாழ இருமடங்கு விரைவாக மூடின. காய்ந்த பொருக்கின் அடியில் தோல் செல்கள் நகர வழி தேட வேண்டியிருக்கிறது; ஈரமான பரப்பில் அவை எளிதாக நகர்கின்றன. இந்த அறிவிலிருந்தே ஈரப்பதம் காக்கும் பலவகைக் கட்டுகளின் பயன்பாடு விரிந்தது.

வீட்டில் கட்டு மாற்றும்போது கவனிக்க வேண்டியவை:

• கட்டு மாற்றுவதற்கு முன்னும் பின்னும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.
• துணி புண்ணில் ஒட்டியிருந்தால் பிடித்து இழுக்காதீர்கள். சலைன் நீரால் நன்கு நனைத்து, சில நிமிடங்கள் கழித்து மெதுவாக எடுங்கள். உலர்ந்த துணியைப் பிய்த்தெடுத்தால், அன்றுவரை வளர்ந்த புதிய திசுவும் சேர்ந்து உரிந்துவிடும்.
• காப்பித்தூள், மஞ்சள்தூள், சாம்பல், பற்பசை ஆகியவற்றைப் புண்ணில் இடாதீர்கள்.
• விரல் நுனி குளிர்ந்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ கட்டு இறுக்கமாக உள்ளது என்று பொருள். உடனே தளர்த்துங்கள்.
• காலில் சிரைப் புண் உள்ளவர்களுக்கு அழுத்தக் கட்டு நல்ல மருத்துவம். ஆனால் தமனிகளில் அடைப்பு உள்ளவருக்கு அதே கட்டு இரத்த ஓட்டத்தை மேலும் குறைத்துக் காலுக்கே கேடு விளைவிக்கும். ஆகவே, மருத்துவர் காலின் இரத்த ஓட்டத்தைப் பரிசோதிக்காமல் அழுத்தக் கட்டு போடக் கூடாது.
• சிவப்பு பரவினாலோ, துர்நாற்றம், சீழ், காய்ச்சல் தோன்றினாலோ அன்றே மருத்துவரை அணுகுங்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. நீண்டநாள் நீரிழிவினால் பாதத்தின் நரம்புகள் உணர்வை இழக்கின்றன. கல் குத்தினாலும் தரை சுட்டாலும் வலி தெரிவதில்லை. திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது ரத வீதிகளில் பலர் வெறுங்காலுடன் நடக்கின்றனர். பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் அவ்வாறு நடப்பதைத் தவிர்ப்பது நல்லது. தவிர்க்க இயலாதெனில், வெயில் ஏறும் முன் சென்று, வீடு திரும்பியதும் பாதங்களையும் விரல் இடுக்குகளையும் பார்த்துவிடுங்கள். வலியில்லாத புண் ஆபத்தற்றது என்று எண்ணாதீர்கள். நீரிழிவு நோயாளியின் பாதத்தில் வலி இல்லாமையே ஆபத்தின் அடையாளம்.

குளுக்கோமீட்டர்

குளுக்கோமீட்டரின் பட்டையில் குளுக்கோசுடன் மட்டும் வினைபுரியும் ஒரு நொதி தடவப்பட்டுள்ளது. அந்த வினையில் தோன்றும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அளந்து, கருவி சர்க்கரையின் அளவைக் கணக்கிடுகிறது. இரத்தத்தில் உள்ள குளுக்கோஸ், விரலில் ஒட்டியுள்ள குளுக்கோஸ் என்ற வேறுபாட்டை அதனால் அறிய இயலாது. பால்கோவாவோ பழமோ தொட்ட விரலைத் துடைத்துவிட்டு மட்டும் குத்திப் பார்த்தால், இல்லாத சர்க்கரை இருப்பதாகக் காட்டக்கூடும். அந்த எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும்.

• சோப்பும் நீரும் கொண்டு கையைக் கழுவி, நன்கு உலர்த்திய பின் அளவிடுங்கள்.
• விரலின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள். அங்கு வலி குறைவு.
• இரத்தம் வரவில்லையென்று விரலைப் பிழிந்தெடுக்காதீர்கள். திசுநீர் கலந்து அளவு மாறும். கையைச் சற்றுத் தொங்கவிட்டு மெதுவாக நீவினால் போதும்.
• காலாவதியான பட்டைகளையும், மூடி திறந்து ஈரம் பட்ட பட்டைகளையும் பயன்படுத்தாதீர்கள்.

ஆய்வகத்தில் சிரை இரத்தத்தின் பிளாஸ்மாவில் அளக்கும் அளவும், வீட்டில் விரல் நுனி இரத்தத்தில் அளக்கும் அளவும் சற்று வேறுபடும். 2013ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தரவிதி, 100 மி.கி. அல்லது அதற்கு மேற்பட்ட அளவுகளில் 15% வரை வேறுபாட்டை ஏற்கிறது. ஆகவே, ஆய்வகத்தில் 200 என்றும் வீட்டில் 215 என்றும் வந்தால் கருவி பழுதென்று கருத வேண்டியதில்லை. கடுமையான இரத்தசோகை உள்ளவர்களுக்குக் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம் என்பதையும் மருத்துவரிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

அளவு 70க்குக் கீழே சென்றால், உணர்வுடன் இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடங்களில் மீண்டும் அளவிடுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐ அழையுங்கள்.

இரத்த அழுத்தமானி

கையைச் சுற்றிக் காற்றடைத்து இரத்த அழுத்தத்தை அளக்கும் பட்டையை 1896இல் இத்தாலியின் ரிவா ரோச்சி உருவாக்கினார். 1905இல் இரஷ்ய மருத்துவர் கொரட்காவ், பட்டையின் அழுத்தம் குறையும்போது தமனியில் எழும் ஓசைகளைக் கேட்டறியும் முறையைக் கூறினார். சீராக ஓடும் இரத்தம் ஓசை எழுப்புவதில்லை. பட்டையால் நெருக்கப்பட்ட தமனி வழியே அது பீறிடும்போதுதான் ஓசை எழுகிறது. முதல் ஓசை கேட்கும் அளவு மேல் அழுத்தம். ஓசை மறையும் அளவு கீழ் அழுத்தம்.

வீட்டில் உள்ள தானியங்கிக் கருவி ஓசையைக் கேட்பதில்லை. பட்டையில் ஏற்படும் அதிர்வுகளை அளந்து, அவற்றிலிருந்து இரு அழுத்தங்களையும் கணக்கிடுகிறது. இதனால், அளவிடும்போது பேசினாலோ கையை அசைத்தாலோ கணக்கு தவறும். நாடித்துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்களுக்கும் அளவு துல்லியமாக அமையாமல் போகலாம்; அவர்கள் மருத்துவமனையில் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கையின் நிலையும் முக்கியமானது. இதயத்தின் மட்டத்திலிருந்து கை 10 செ.மீ. தாழ்ந்திருந்தால், இரத்தத்தின் எடையினால் அளவு ஏறத்தாழ 8 மி.மீ. கூடுதலாகக் காட்டும். பருமனான கையில் சிறிய பட்டையைச் சுற்றினாலும் அளவு கூடும். இத்தகைய பிழையால், தேவையற்ற மருந்தை ஒருவர் ஆண்டுக்கணக்கில் உட்கொள்ள நேரிடலாம்.

• அளவிடுவதற்கு முன் அரைமணி நேரம் காப்பி, தேநீர், புகை ஆகியவற்றைத் தவிர்த்து, சிறுநீர் கழித்துவிட்டு, 5 நிமிடங்கள் அமைதியாக அமர்ந்திருங்கள்.
• முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, கையை மேசைமீது இதய மட்டத்தில் வையுங்கள். கால்மேல் கால் போடாதீர்கள்.
• பட்டை வெறும் கையில் பொருந்த வேண்டும், சட்டையின்மேல் சுற்றாதீர்கள்.
• ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து, நாள், நேரத்துடன் குறித்து வையுங்கள்.

அளவு 180/120ஐத் தாண்டி, அத்துடன் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கை கால் செயலிழப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தால் உடனே 108ஐ அழையுங்கள். இந்த அறிகுறிகள் இல்லையெனில், 5 நிமிடங்கள் ஓய்வெடுத்து மீண்டும் அளந்து, குறையாவிட்டால் அன்றே மருத்துவரைக் காணுங்கள். நீங்களாகவே கூடுதல் மாத்திரை உட்கொள்ளாதீர்கள்.

பல்ஸ் ஆக்சிமீட்டர்

இரத்தத்தில் உயிர்வளியைச் சுமப்பது ஹீமோகுளோபின். உயிர்வளி ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாத ஹீமோகுளோபினும் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் வெவ்வேறு அளவில் உட்கவர்கின்றன. ஆனால் விரலில் தோல், எலும்பு, சிரை இரத்தம் ஆகியவையும் ஒளியை உட்கவர்கின்றனவே. தமனி இரத்தத்தை மட்டும் எவ்வாறு பிரித்தறிவது? 1970களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி இதற்கு விடை கண்டார். நாடித்துடிப்புடன் சேர்ந்து கூடிக் குறைவது தமனி இரத்தம் மட்டுமே. ஆகவே துடிக்கும் பகுதியை மட்டும் கணக்கில் கொண்டால் போதும். உடலியங்கியல் அறிந்த பொறியாளரின் சிந்தனைக்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

துடிப்பை நம்பியே இக்கருவி இயங்குவதால், விரல் குளிர்ந்து இரத்த ஓட்டம் குறைந்தால் அளவு தவறும். நகப்பூச்சும் அடர்நிற மருதாணியும் சில வேளைகளில் தடையாகும். கருமையான தோலில் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. அடைத்த அறையில் புகையைச் சுவாசித்தவருக்குக் கரி ஓராக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் உயிர்வளி ஏறியதாகவே கருவி எண்ணி 98 என்று காட்டலாம். அவருக்குத் தலைவலியும் குழப்பமும் இருந்தால் அந்த எண்ணை நம்பக் கூடாது.

இரத்தசோகை உள்ளவருக்கும் 98 காட்டலாம். ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காடு நிரம்பியுள்ளது என்பதையே கருவி சொல்கிறது. மொத்தம் எவ்வளவு ஹீமோகுளோபின் உள்ளது என்பதை அது சொல்வதில்லை.

நாட்பட்ட நுரையீரல் நோய் இல்லாதவருக்கு அளவு 94க்குக் கீழே நீடித்தால் மருத்துவரை அணுக வேண்டும். 90க்குக் கீழே சென்றால் தாமதிக்கக் கூடாது. 90க்குக் கீழே உயிர்வளியின் அழுத்தத்தில் சிறு குறைவு ஏற்பட்டாலும் விழுக்காடு செங்குத்தாகச் சரியும் என்பதே காரணம். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்குப் பொதுவாக 88 முதல் 92 வரையே இலக்காக வைக்கப்படுகிறது. எண்ணை 99க்குக் கொண்டுவர வேண்டுமென்று வீட்டிலுள்ள ஆக்சிஜனின் வேகத்தைக் கூட்டினால், அவர்களுடைய இரத்தத்தில் கரியமில வாயு தேங்கி மயக்கம் ஏற்படலாம். மருத்துவர் குறித்த அளவை நீங்களாக மாற்றாதீர்கள்.

செயற்கை இதய வால்வு

சிறுவயதில் வரும் வாதக் காய்ச்சல் இதய வால்வுகளைப் பழுதாக்குகிறது. ஒருகாலத்தில் மாற்று வால்வுகள் முழுவதும் வெளிநாட்டிலிருந்தே வந்தன. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனத்தில் அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தானின் தலைமையில் மருத்துவர்களும் பொறியாளர்களும் இணைந்து உள்நாட்டு வால்வை உருவாக்கினர். முந்தைய வடிவங்கள் சோதனைகளில் தோற்றன. இறுதியில், உலோகச் சட்டத்தினுள் பாலிஎத்திலீன் வட்டு சாய்ந்து திறந்து மூடும் வடிவம் வெற்றி பெற்றது. 1990 டிசம்பர் 6ஆம் நாள் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை, ஆண்டுக்கு 3.6 கோடி முறைக்கு மேல் துடிக்கிறது. அத்தனை முறையும் வட்டு தேயாமல், உடையாமல் திறந்து மூட வேண்டும். இரத்தம் எங்கும் தேங்கவும் கூடாது, தேங்கினால் உறையும். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் உலோகப் பரப்பை இரத்தம் அயற்பொருளாகவே காண்கிறது. உலோக வால்வு பொருத்தியவர்கள் வாழ்நாள் முழுவதும் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உட்கொள்ள வேண்டியிருப்பது இதனால்தான்.

• நலமாக இருக்கிறோம் என்று எண்ணி மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஐ.என்.ஆர். பரிசோதனையைக் குறித்த நாளில் செய்துகொள்ளுங்கள்.
• கீரைகளில் உள்ள வைட்டமின் கே இம்மருந்தின் செயலைக் குறைக்கும். கீரையை விலக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் ஒரே அளவில் உண்ணுங்கள்.
• வலி மாத்திரை, நாட்டு மருந்து எதையும் கேட்காமல் உட்கொள்ளாதீர்கள். பல் பிடுங்குவதற்கு முன் வால்வு பற்றித் தெரிவியுங்கள்.
• கருத்தரிக்க விரும்பும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் ஆலோசிக்க வேண்டும். இம்மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடும்.
• திடீர் மூச்சுத்திணறல், ஒருபக்கச் செயலிழப்பு, கறுப்பு நிற மலம், தலையில் அடி ஆகியவை அவசர நிலைகள்.

இத்துறையைக் கற்க விரும்பும் மாணவர்களுக்கு

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களிலிருந்து பல மாணவர்கள் உயிரி மருத்துவப் பொறியியலைத் தேர்ந்தெடுக்கின்றனர். திருவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் உள்ள கலசலிங்கம் பல்கலைக்கழகத்திலும், தமிழகத்தின் வேறு பல கல்லூரிகளிலும் இப்படிப்பு உள்ளது. பொறியியல் படிப்பில் உடற்கூறியலும் உடலியங்கியலும் எதற்கு என்ற ஐயம் சிலருக்கு எழுவதுண்டு. மேலே கண்ட ஒவ்வொரு கருவியும் அதற்கு விடையாகும். நாடி எவ்வாறு துடிக்கிறது என்பதை அறியாதவர் பல்ஸ் ஆக்சிமீட்டரை வடிவமைக்க இயலாது. இரத்தம் உறையும் முறையை அறியாதவர் வால்வு செய்ய இயலாது. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்காத மாணவர்கள் இரத்த ஓட்டம், சுவாசம், நரம்பு, சிறுநீரகம் ஆகிய பகுதிகளைப் பள்ளிப் பாடநூலிலிருந்தே படித்துத் தொடங்கலாம்.

கருவியில் பழுது ஏற்பட்டால்

இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகள் நடைமுறையில் உள்ளன. கருவியினால் ஏற்படும் தீங்குகளைப் பதிவு செய்ய 2015 ஜூலையில் தேசிய அளவில் கண்காணிப்புத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. கருவி தவறான அளவைக் காட்டித் தீங்கு நேர்ந்தாலோ, உடலில் பொருத்திய கருவி பழுதடைந்தாலோ, உங்கள் மருத்துவர் வழியாகவோ 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண் வழியாகவோ தெரிவிக்கலாம். கருவியையும் உறையையும் எறிந்துவிடாதீர்கள். அதிலுள்ள தயாரிப்புத் தொகுதி எண் விசாரணைக்குத் தேவைப்படும்.

வீட்டில் கருவி இல்லாதவர்கள் கவலைகொள்ள வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், களப்பணியாளர்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பரிசோதிக்கின்றனர். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் இப்பரிசோதனைகள் இலவசம். உங்கள் கருவியை அடுத்த முறை வரும்போது உடன் கொண்டுவந்து, மருத்துவமனைக் கருவியுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எண் நன்றாக இருந்தும் நோயாளி சோர்ந்து, குழம்பி, மூச்சு வாங்கினால், நோயாளியின் நிலையையே நம்புங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108.

இக்கட்டுரை பொதுவான விழிப்புணர்வுக்கானது. உங்கள் உடல்நிலைக்குரிய மருத்துவத்தை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.